பூட்டை மாற்றும் புழுவும் சாவியைத் திருத்தும் அறிவியலும்

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் கை நிறைய முட்டைக்கோஸ் வாங்கி வருவது வழக்கம். ஓட்டையில்லாத, பளபளப்பான கோஸாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்போம். இலை இடுக்கில் ஒரே ஒரு பச்சைப் புழு நெளிந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். அந்த ஓட்டையில்லாத கோஸுக்கு எத்தனை முறை மருந்து அடிக்கப்பட்டிருக்கும் என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் எண்ணிப் பார்க்கக் காரணம் என் மாமா. அவர் கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறார். முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. சென்ற தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அவருடைய விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்ததைக் கண்டேன். கேட்டதற்கு, "முன்னெல்லாம் அந்தக் கிருமி மருந்து ஒரு தடவை அடிச்சா புழு அடங்கிடும்மா. கைக்கும் ஒண்ணும் ஆவாது. இப்ப அதுக்குக் கேக்க மாட்டேங்குது. திரும்பவும் பழைய கடும் மருந்துக்கே போயிட்டோம். நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்றார்.

உயிரியல் தொழில்நுட்பத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தேன். மாமாவுக்குச் சொல்ல வேண்டியதோ மீண்டும் தமிழில். அந்தப் பதிலைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பட்டுப்புழுவில் தொடங்கிய கதை

மாமா ‘கிருமி மருந்து’ என்று குறிப்பிட்டது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படும் பூச்சிக்கொல்லியை. சுருக்கமாக பி.டி. என்பார்கள். மண்ணிலும் இலைகளின் மேலும் இறந்த பூச்சிகளின் உடலிலும் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா இது.

1901ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த இஷிவாத்தா ஷிகெத்தானே என்பவர், பட்டுப்புழுக்கள் திடீரெனச் செத்து விழும் நோய்க்கு இந்தப் பாக்டீரியாவே காரணம் என்று கண்டறிந்தார். பட்டு உற்பத்தியாளர்களுக்கு அது ஓர் எதிரி. பத்து ஆண்டுகள் கழித்து, 1911இல், ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்பவர் மாவைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவில் இதே பாக்டீரியாவைக் கண்டார். அது கிடைத்த துரிஞ்சியா என்னும் பகுதியின் பெயரையே 1915இல் அதற்குச் சூட்டினார். பட்டுப்புழுவைக் கொல்வது பயிர்ப்புழுவையும் கொல்லுமே என்ற எண்ணம் பிறந்தது. 1938இல் பிரான்சில் ‘ஸ்போரீன்’ என்ற பெயரில் முதல் பி.டி. மருந்து விற்பனைக்கு வந்தது. ஒருவருக்குப் பகையாக இருந்த கிருமி மற்றொருவருக்கு நண்பனானது.

இந்தப் பாக்டீரியாவின் ஆற்றல் ஒரு புரதத்தில் இருக்கிறது. உணவு தீர்ந்து காலம் பாதகமாகும்போது பாக்டீரியா தன்னைத் தடித்த உறைகொண்ட வித்தாக மாற்றிக்கொண்டு உறங்கப் போகிறது. அவ்வாறு உறங்கப் போகும்போது, தன் உடலுக்குள் புரதத்தாலான ஒரு படிகத்தையும் செய்து வைக்கிறது. அந்தப் படிகத்தில் இருப்பவற்றைக் கிரை புரதங்கள் என்கிறோம். ‘கிரிஸ்டல்’ என்ற சொல்லின் முதலெழுத்துகளைக் கொண்டு வைத்த பெயர் அது. கிரை1, கிரை2, கிரை3 என்று எண்ணிட்டு, இன்று பல நூறு வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. சில வகை அந்துப்பூச்சியின் புழுக்களை மட்டும் கொல்லும். சில வகை வண்டுகளை மட்டும் கொல்லும். சில வகை கொசுவின் புழுக்களைக் கொல்லும்.

பூட்டும் சாவியும்

ஒரே புரதம் புழுவைக் கொன்று, அதை அடிக்கும் மனிதனை விட்டுவிடுவது எப்படி? இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் அனைத்தும் எளிதாகிவிடும்.

சாதாரணப் பூச்சிக்கொல்லிகள் பல, பட்டாலே தோலின் வழியாக உள்ளே புகுந்து நரம்பைத் தாக்குபவை. பூச்சியின் நரம்பும் மனிதனின் நரம்பும் பல வகையில் ஒன்றுபோல இயங்குவதால் அந்த நஞ்சு மனிதனையும் பாதிக்கிறது. பி.டி. அப்படி அன்று. புழு அதைத் தின்றாக வேண்டும்.

புழு இலையோடு சேர்த்துப் படிகத்தை விழுங்குகிறது. புழுவின் நடுக்குடல் கடும் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9க்கும் மேலே இருக்கும். அந்தக் காரத்தில் படிகம் கரைகிறது. பிறகு குடலிலுள்ள நொதிகள் புரதத்தை வெட்டி ஏறக்குறைய பாதியளவாகக் குறைக்கின்றன. உறையிலிருந்து உருவிய கத்தி போல, இப்போதுதான் அது நஞ்சாகிறது.

அடுத்து, குடல் சுவரின் செல்களின் மேல் ‘ஏற்பி’ எனப்படும் சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கேடரின் என்பது அவற்றுள் ஒன்று. ஏபிசிசி2 என்பது மற்றொன்று. இவை பூச்சி தன் சொந்தத் தேவைக்காக வைத்திருப்பவை. நம் கிரை புரதம் அவற்றில் போய்ப் பொருந்துகிறது. ஏற்பியைப் பூட்டு என்றும் கிரை புரதத்தைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளலாம். பொருந்தியபின் பல புரத மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து செல்லின் சவ்வில் துளையிடுகின்றன. செல் நீரை உறிஞ்சி வெடிக்கிறது. புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும்.

மனிதனின் வயிறோ அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலத்தில் இப்புரதம் செரிக்கப்பட்டுவிடுகிறது. அதற்கேற்ற பூட்டும் நம் குடலில் இல்லை. பூட்டு இல்லாத வீட்டில் சாவிக்கு என்ன வேலை? மாமாவின் கைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

பூட்டை மாற்றிய பூச்சி

கோஸைத் தின்னும் அந்தப் பச்சைப் புழு வளர்ந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சி ஆகும். சிறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வைர வடிவில் வெளிறிய கோடு தெரிவதால் அந்தப் பெயர். புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். தொட்டால் துடித்து, நூலில் தொங்கிக் கீழே இறங்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் விவசாய உலகில் இதைவிடப் பிடிவாதமான பூச்சி குறைவு. நம் வெப்பமண்டலச் சூழலில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும்.

டி.டி.டி. மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற முதல் பயிர்ப் பூச்சி இதுவே. 1953இல் ஜாவாவின் லெம்பாங் பகுதியில் அது பதிவானது. அதன் பிறகு வந்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. பி.டி.யாவது நிலைக்கும் என்று நம்பினார்கள். ஆனால் 1990இல் ஹவாய்த் தீவுகளின் தோட்டங்களில் பி.டி.க்கும் அடங்காத வைரமுதுகுப் பூச்சிகள் இருப்பதாக புரூஸ் தபாஷ்னிக் குழுவினர் அறிவித்தார்கள். திறந்த வயலில் பி.டி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்ற முதல் பூச்சி என்ற பெயரையும் அதுவே எடுத்துக்கொண்டது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, மலேசியத் தோட்டங்களில் பிடிக்கப்பட்ட பூச்சிகளிலும் பி.டி. குர்ஸ்தாக்கி, பி.டி. ஐசவாய் ஆகிய இரு வகை மருந்துகளுக்கும் எதிர்ப்பாற்றல் இருந்ததைக் காட்டியது. மாமாவின் புலம்பல் புதியதன்று. நான் பிறப்பதற்கு முன்பே அது ஆய்வேட்டில் ஏறிவிட்டது!

புழு செய்தது என்ன? யோசித்துச் செய்தது எதுவுமில்லை. கோடிக்கணக்கான பூச்சிகளில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே பூட்டு சற்று மாறியிருக்கும். சாவி பொருந்தாததால் அவை மட்டும் பிழைக்கும். மருந்தை மீண்டும் மீண்டும் அடிக்கும்போது மற்றவை எல்லாம் மடிந்து, பிழைத்தவையே தங்களுக்குள் இணைந்து பெருகும். ஹவாய்ப் பூச்சிகளிடம் மாறியிருந்தது ஏபிசிசி2 என்ற பூட்டுக்குரிய மரபணு என்று 2011இல் கண்டறிந்தார்கள். வேறு சில பூச்சிகளில் கேடரின் மாறியிருந்தது.

சாவியைத் திருத்துவோர்

பூட்டு மாறினால் சாவியைத் திருத்தலாமே என்பதுதான் புரதப் பொறியியலின் எண்ணம். திருத்த வேண்டுமானால் முதலில் சாவியின் வடிவம் தெரிய வேண்டும். 1981இல் ஷ்னெப், வைட்லி ஆகிய இருவரும் முதன்முதலாக ஒரு கிரை மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1991இல் கேம்பிரிட்ஜில் கிரை3ஏ புரதத்தின் முப்பரிமாண வடிவம் வெளியானது. அதில் மூன்று பகுதிகள் இருந்தன. முதல் பகுதி சுருள்களின் கட்டு. அது துளையிடும் வேலையைச் செய்வது. இரண்டாம் பகுதியின் நுனியில் வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; அவையே பூட்டில் நுழையும் சாவியின் பற்கள். மூன்றாம் பகுதியும் பொருந்துவதற்குத் துணைசெய்து, புரதத்தைச் சிதையாமல் காக்கிறது. இந்த வரைபடம் கிடைத்தபின் திருத்தும் பணி நான்கு வழிகளில் நடந்தது.

முதல் வழி, பல்லை அராவுவது. 1996இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராஜமோகன், டொனால்ட் டீன் குழுவினர் கிரை1ஏபி புரதத்தின் இரண்டாம் பகுதியில் மூன்றே மூன்று அமினோ அமிலங்களை மாற்றினார்கள். காடுகளை மொட்டையடிக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு எதிராக அதன் வீரியம் 36 மடங்கு கூடியது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் மூன்றை மாற்றியதற்கே இந்த விளைவு!

இரண்டாம் வழி, சாவிகளை வெட்டி ஒட்டுவது. ஒரு கிரை புரதத்தின் இரு பகுதிகளையும் மற்றொன்றின் மூன்றாம் பகுதியையும் இணைத்துப் புதிய புரதம் செய்யலாம். அவ்வாறு உருவான கிரை1ஏ.105 என்னும் புரதம் அமெரிக்க மக்காச்சோளத்தில் பயன்படுகிறது. அதன் மூன்றாம் பகுதி கிரை1எஃப் புரதத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் கிரை1எஃப் புரதத்துக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த படைப்புழுக்கள் இந்தப் புதிய புரதத்தையும் ஓரளவு தாங்கிக்கொண்டன. பழைய சாவியின் பல் புதிய சாவியிலும் இருந்தால் மாறிப்போன பூட்டு அதையும் தடுக்கும் என்ற பாடம் இதில் கிடைத்தது.

மூன்றாம் வழி, பூட்டையே தவிர்ப்பது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் அலெஹாந்திரா பிராவோ, மாரியோ சோபெரோன் ஆகியோர் ஒன்றைக் கவனித்தார்கள். கிரை புரதம் கேடரினில் பொருந்தியவுடன் அதன் முதல் பகுதியிலுள்ள முதல் சுருள் வெட்டப்படுகிறது. அதன் பிறகே மூலக்கூறுகள் ஒன்றுசேர்கின்றன. கேடரின் மாறியிருந்தால் இந்த வெட்டு நடப்பதில்லை. அப்படியானால் அந்தச் சுருளை நாமே முன்கூட்டி நீக்கிவிட்டால்? நீக்கிப் பார்த்தார்கள். கேடரின் மாறியதால் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் இறந்தன. 2007இல் இம்முடிவு வெளியானது. எனினும் ஒரு குறையும் உண்டு. எதிர்ப்பாற்றல் இல்லாத சாதாரணப் புழுக்களிடம் இந்தத் திருத்திய புரதத்தின் வீரியம் அசலைவிடக் குறைவு.

நான்காம் வழி, பரிணாமத்தையே வேலைக்கு அமர்த்துவது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் லியு குழுவினர் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸுக்குள் கிரை1ஏசி மரபணுவை வைத்தார்கள். அந்த மரபணுவில் தொடர்ந்து மாற்றங்கள் நிகழச் செய்தார்கள். கோஸைத் தின்னும் மற்றொரு புழுவான டிரைக்கோபுளூசியாவின் கேடரினில் எந்தப் புரதம் பொருந்துகிறதோ, அந்த வைரஸ் மட்டுமே பெருகும் என்று ஏற்பாடு செய்தார்கள். அசல் கிரை1ஏசி அந்தப் பூட்டில் பொருந்துவதே இல்லை. 500 தலைமுறைகளுக்கும் மேல் ஓடியபின் பொருந்தும் புரதங்கள் தோன்றின. எதிர்ப்பாற்றல் பெற்ற புழுக்களிடம் அவற்றின் வீரியம் அசலைவிட 335 மடங்கு வரை கூடியிருந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. புழு எந்த வழியில் நம்மை வென்றதோ, அதே வழியில் அதை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

புதிய சாவி மட்டும் போதுமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் ‘அறிவியல் வென்றது’ என்று முடித்திருக்கலாம். ஆனால் பருத்தி வயலில் நடந்த கதை வேறு பாடம் சொல்கிறது.

கிரை மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்திவிட்டால் செடியே மருந்தைச் செய்துகொள்ளும். 1996இல் அமெரிக்காவிலும் 2002இல் இந்தியாவிலும் கிரை1ஏசி கொண்ட பருத்தி பயிரிட அனுமதி கிடைத்தது. இரு நாட்டிலும் பகை ஒன்றே: இளஞ்சிவப்புக் காய்ப்புழு. எதிர்ப்பாற்றல் தோன்றாமல் தடுக்க இரு நாட்டிலும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். பி.டி. பருத்திக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் சாதாரணப் பருத்தியையும் பயிரிட வேண்டும். அதற்குப் ‘புகலிடம்’ என்று பெயர். அங்கே எதிர்ப்பாற்றல் இல்லாத பூச்சிகள் உயிரோடு இருக்கும். பி.டி. வயலில் தப்பிப் பிழைத்த ஓரிரு பூச்சிகள் அவற்றோடு இணையும். பிறக்கும் குஞ்சுகளுக்கு மாறிய மரபணு ஒரு பிரதி மட்டுமே கிடைக்கும். செடியில் புரதம் போதிய அளவு இருந்தால் அவை இறந்துவிடும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் இதைப் பின்பற்றினார்கள். பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும் வயல்களில் பறக்கவிட்டார்கள். 2018இல் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து அந்தப் புழு ஒழிக்கப்பட்டுவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது.

இந்தியாவில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் சேர்த்தே விற்கப்பட்டது. சிறிய நிலம் வைத்திருந்த விவசாயிகளில் பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. கடன் வாங்கி விதைக்கிறவன் புழுவுக்கென்று நிலம் ஒதுக்குவானா? அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. 2009இல் குஜராத்தில் எதிர்ப்பாற்றல் தென்பட்டது. 2006 முதலே கிரை2ஏபி என்ற இரண்டாவது புரதமும் சேர்க்கப்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டுக்குள் அந்த இரட்டைச் சாவியும் குஜராத் வயல்களில் தோற்கத் தொடங்கிவிட்டது.

ஒரே புழு, ஒரே முதல் புரதம். ஓரிடத்தில் புழு ஒழிந்தது. மற்றோரிடத்தில் மருந்து தோற்றது. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். புரதத்தைத் திருத்துவது நமக்குக் காலத்தை வாங்கித் தருகிறது. வாங்கிய காலம் எவ்வளவு நீளும் என்பதை அந்தப் புரதத்தைப் பயன்படுத்தும் முறையே தீர்மானிக்கிறது.

மாமாவுக்குச் சொன்ன பதில்

மலேசியாவில் பி.டி. மரபணு கொண்ட பயிர் எதுவும் வணிக முறையில் பயிரிடப்படுவதில்லை. நம்மிடம் இருப்பது தெளிப்பு மருந்துதான். காய்கறிக்கு மட்டுமன்று, செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவுக்கு எதிராகவும் மலேசியச் செம்பனை வாரியம் பி.டி. மருந்தை உருவாக்கியுள்ளது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் ஓலைத் துணுக்குகளால் பை கட்டித் தொங்கும் அந்தப் புழுவை அறிவார்கள். எனவே ஆய்வுக்கூடத்துப் புதிய சாவிகள் மாமாவின் பம்புக்கு வந்து சேர இன்னும் நாளாகலாம். அதுவரை கையிலிருக்கும் சாவி தேய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதே வழி.

அடுத்த விடுமுறையில் மாமாவிடம் இவற்றைச் சொன்னேன். ஒரே வகை மருந்தை வாரா வாரம் அடிக்கக் கூடாது. குர்ஸ்தாக்கி, ஐசவாய் ஆகியவற்றில் உள்ள புரதங்கள் முழுக்க ஒன்றல்ல. அவற்றையும், வேறு விதமாக வேலை செய்யும் மருந்துகளையும் புழுவின் தலைமுறைக்கு ஏற்ப மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வெயில் இந்தப் புரதத்தைச் சில நாளில் சிதைத்துவிடும். ஆகவே மாலையில் அடிப்பது நல்லது. புழு தின்றால்தான் சாகும் என்பதால் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். புழு சிறியதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 1970களில் கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்ட டயடெக்மா என்னும் சிறு குளவி, இந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. பி.டி. அந்தக் குளவியை நேரடியாகக் கொல்வதில்லை. கடும் மருந்துகள் கொன்றுவிடும். கடும் மருந்துக்குத் திரும்பினால் நமக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் குளவியையும் இழப்போம்.

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிதாம்மா. ஆனா எந்த மருந்து அடிக்கணும்னு நானா முடிவு பண்றேன்? முதலாளி வாங்கிக் கொடுக்கிறத அடிக்கிறேன்" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "நீ சொன்னத ஒரு தாள்ல எழுதிக் கொடு. தமிழ்ல ஒண்ணு எனக்கு. மலாய்ல ஒண்ணு, முதலாளிகிட்ட காட்டுறதுக்கு."

அன்றிரவே இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். மலாய்த் தாள் அரை மணி நேரத்தில் முடிந்தது. தமிழ்த் தாளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில்தான் இந்தப் புரதத்தை நான் உண்மையாகவே புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். நம்மில் பலரும் மருத்துவமும் பொறியியலும் வேதியியலும் படிக்கிறோம். அவரவர் பாடத்தில் ஒரே ஒரு பக்கத்தையாவது வீட்டிலுள்ள ஒருவருக்குத் தமிழில் எழுதிக் காட்டுவோமே. அதைக் கேட்க நம் வீடுகளில் ஆள் இருக்கிறார்கள்.